தொண்டு நிறுவனத்தில் மாணவத் தன்னார்வலராகப் பணியாற்றுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டு நிறுவனம் ஒன்றில் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் பெயர் கொடுத்த மாணவர்கள் எத்தனை பேர், முதல் தேர்வு முடிந்த பிறகும் தொடர்ந்து வருபவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் அவர் ஒரு பெருமூச்சோடு சொல்வார். மாணவர்களிடம் இரக்கத்துக்கோ ஆர்வத்துக்கோ பஞ்சமில்லை. என்ன வேலை செய்யப் போகிறோம், வாரத்துக்கு எவ்வளவு நேரம் தர முடியும், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பவற்றை முடிவு செய்யாமலே ஓடிவந்து சேர்ந்துவிடுவதுதான் சிக்கல். முதலில் மாணவத் தன்னார்வலனாகவும், பின்னர் மாணவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பொறுப்பிலும் இருந்தவன் என்ற முறையில், இந்த வழிகாட்டி முழுவதும் நான் வற்புறுத்தப் போவது ஒன்றைத்தான்: குறைவாக ஒப்புக்கொள்ளுங்கள், ஒப்புக்கொண்டதைத் தவறாமல் செய்யுங்கள்.

இது புதிய கருத்தும் இல்லை. 1859-இல் இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் ஆயிரக்கணக்கான வீரர்கள் காயமுற்றுக் கிடந்ததை நேரில் கண்ட ஆன்றி துனான், அருகிலிருந்த ஊர் மக்களைத் திரட்டி, எந்தப் படையைச் சேர்ந்தவர் என்று பாராமல் அவர்களுக்கு உதவினார். உதவ நினைத்த கைகள் அங்கே பல இருந்தன. பயிற்சியும் ஒழுங்கும்தான் இல்லை. ஆகவே, அமைதிக் காலத்திலேயே தன்னார்வலர்களைத் திரட்டிப் பயிற்சி அளித்து வைத்திருக்கும் சங்கங்கள் நாடுதோறும் வேண்டும் என்று அவர் 1862-இல் எழுதினார். மறு ஆண்டே ஜெனீவாவில் உருவான குழுதான் பிற்காலத்தில் செஞ்சிலுவை இயக்கமாக வளர்ந்தது. நல்லெண்ணத்துக்கு முன்கூட்டியே ஓர் ஒழுங்கு வேண்டும் என்ற அவருடைய கருத்து, சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் மட்டும் ஒதுக்கக்கூடிய மாணவருக்கும் அப்படியே பொருந்தும்.

முதல் படி: கையிலுள்ள நேரத்தை எண்ணிப் பார்ப்பது

நடப்புப் பருவத்தின் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, தேர்வு நாட்கள், தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்கள், செய்முறைத் தேர்வுகள், குடும்ப நிகழ்ச்சிகள் ஆகியவற்றை முதலில் அடித்துவிடுங்கள். 16 வாரப் பருவத்தில் இவ்வாறு 4 வாரங்கள் போனால் மிஞ்சுவது 12 வாரங்கள்; வாரத்துக்கு 2 மணி நேரம் என்றால் மொத்தம் 24 மணி நேரம். இதுதான் உங்கள் கையிருப்பு. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நூறு பேர் கூடி 8 மணி நேரம் செய்யும் வேலையைவிட, 12 வாரங்களும் ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் ஒருவருடைய 24 மணி நேரம் நிறுவனத்துக்குப் பயன்படும் விதமே வேறு. அந்த ஒருவரை நம்பி ஒரு வகுப்பைத் தொடங்கலாம், ஒரு முதியவரின் மருத்துவமனை நாளைக் குறிக்கலாம், கிடங்கின் சாவியைக்கூடக் கொடுக்கலாம்.

போக்குவரத்து நேரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போக 45 நிமிடம், வர 45 நிமிடம் என்றால் 2 மணி நேர வேலை உண்மையில் மூன்றரை மணி நேரம். ஆகவே முதல் முயற்சியில் நடந்தோ சைக்கிளிலோ போய்வரக்கூடிய தொலைவில் உள்ள இடத்தைத் தேடுங்கள். மழை வந்தாலும் பேருந்து தவறினாலும் வேலை நின்றுவிடாது.

18 வயது நிறையாதவர்கள் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை நிறுவனம் கேட்கும் முன்பே தயாராக வைத்திருப்பது நல்லது. ஒப்புதல் கேட்காமல் சிறுவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இடத்தைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கவும் வேண்டும்.

இரண்டாம் படி: எந்த வேலை என்று முடிவு செய்வது

தொண்டு என்றவுடன் பெரும்பாலான மாணவர்களின் மனத்தில் தோன்றுவது, தேவைப்படுவோரின் கையில் எதையோ கொடுக்கும் காட்சி. அந்தக் கடைசி நொடிக்குப் பின்னால் பொருளைப் பெறுதல், எண்ணுதல், தரம் பிரித்தல், பதிவு செய்தல், ஏற்றுதல், இறக்குதல், ரசீது எழுதுதல் என்று நீண்ட வரிசை இருக்கிறது. 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கிய உணவு வங்கியின் அடிப்படையும் இதுவே. உண்ணத் தகுந்த உணவு ஒருபக்கம் வீணாகிறது, மறுபக்கம் பசி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பெற்று, பிரித்து, சேமித்து, அனுப்பும் ஓர் இடம் இல்லை என்பதை அவர் கண்டார். உணவு வங்கியின் உழைப்பில் பெரும்பகுதி அந்த நடுவிடத்தில்தான் செலவாகிறது. கூச்ச சுபாவம் உள்ள மாணவர்களுக்கும், வாரம் மாறி வாரம்தான் வர முடியும் என்பவர்களுக்கும் இந்தப் பின்னணி வேலைகள் மிகவும் ஏற்றவை; ஒரு வாரம் தவறினாலும் எந்த மனிதரும் ஏமாந்து நிற்கமாட்டார்.

மனிதர்களோடு நேரடியாகப் பழகும் வேலைகளின் கதை வேறு. மாலை நேர வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுப்பது, முதியோர் இல்லத்தில் பேச்சுத் துணையாக இருப்பது, பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்குப் படித்துக் காட்டுவது, அவருக்காகத் தேர்வு எழுதிக் கொடுப்பது ஆகியவற்றில் உங்கள் வருகையே பாதி வேலை. இவற்றை ஏற்கும் முன் ஒரு பருவம் முழுவதும் அந்தக் கிழமை உங்களுடையதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது வகை, நீங்கள் படிக்கும் படிப்போ கற்ற கைத்தொழிலோ நேரடியாகப் பயன்படுவது. நன்கொடைப் பதிவேட்டை எக்செல் கோப்பாக மாற்றுவது, படிவங்களை எளிய தமிழில் எழுதித் தருவது, பழுதான கணினிகளைச் சரிபார்ப்பது போன்றவற்றுக்குச் சிறிய நிறுவனங்களில் ஆளே இருக்காது. இங்கே ஓர் எச்சரிக்கை: நீங்கள் போன பிறகு யாராலும் இயக்க முடியாத அழகான மென்பொருளைச் செய்து கொடுத்துவிட்டு வராதீர்கள். அலுவலகத்தில் இருப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த கருவியில் செய்த எளிய அட்டவணையே ஐந்து ஆண்டுகள் கழித்தும் புழக்கத்தில் இருக்கும்.

இரத்த தானம் பற்றியும் மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பொதுவாக 18 வயது நிறைந்தவராகவும், குறைந்தது 50 கிலோ எடை உள்ளவராகவும், நல்ல உடல்நலத்தோடும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். சில நாடுகளில் விதிகள் சற்று மாறுபடும். வயதோ எடையோ போதாதவர்கள் முகாமில் பதிவு மேசை, ஓய்விடம், சிற்றுண்டி ஆகியவற்றைக் கவனித்துக்கொள்ளலாம். முதன்முறை இரத்தம் கொடுப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கும் ஆள் அங்கே மிகவும் தேவை.

மூன்றாம் படி: நிறுவனத்தைத் தேடுவதும் சோதித்துப் பார்ப்பதும்

தேடலை இணையத்தில் தொடங்குவதைவிட, உங்கள் ஆசிரியர், நூலகர், அருகிலுள்ள சுகாதார நிலையத்தின் செவிலியர், வழிபாட்டிடத்தின் பொறுப்பாளர் ஆகியோரிடம் கேட்டுத் தொடங்குங்கள். உதவி தேவைப்படுவோர் முதலில் எந்தக் கதவைத் தட்டுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். விளம்பரமே இல்லாமல் இருபது ஆண்டுகளாக இயங்கும் சிறிய அமைப்புகள் இப்படித்தான் கண்ணில் படும்.

கிடைத்த பெயர்களில் இரண்டு மூன்றை நேரில் போய்ப் பாருங்கள். நிறுவனம் முறையாகப் பதிவு செய்யப்பட்டதா, ஆண்டுக் கணக்கு தணிக்கை செய்யப்படுகிறதா, நன்கொடைக்கு ரசீது தருகிறார்களா, தன்னார்வலருக்கு என்று ஒரு பொறுப்பாளர் இருக்கிறாரா என்று பணிவாகவே கேட்கலாம். நேர்மையான இடத்தில் இந்தக் கேள்விகளுக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. பெரும்பாலும் மகிழ்ச்சியோடு கணக்குக் கோப்புகளையே எடுத்துக் காட்டுவார்கள். தன்னார்வலராகச் சேரவே பெருந்தொகை கட்ட வேண்டும் என்றாலோ, நன்கொடையைத் தனிநபரின் வங்கிக் கணக்கில் போடச் சொன்னாலோ, அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டாலோ நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

குழந்தைகள் இல்லங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் அதிகம் விரும்பிப் போகும் இடம் அதுதான், அதிகத் தவறுகள் நடக்கும் இடமும் அதுதான். பெற்றோரின் அண்மை இல்லாத குழந்தை, புதிதாக வரும் ஒவ்வோர் அண்ணனிடமும் அக்காவிடமும் ஒட்டிக்கொள்கிறது. அவர்கள் இரண்டு வாரத்தில் மறைந்துவிட்டால் அந்தப் பிரிவை மீண்டும் மீண்டும் அனுபவிக்கிறது. பார்வையாளர்களின் வரவையும் நன்கொடையையும் நம்பியே குழந்தைகளை இல்லத்தில் நிறுத்தி வைக்கும் இடங்களும் உலகின் பல பகுதிகளில் உண்டு. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற குழந்தைகள் உரிமைத் தீர்மானம், குழந்தைகள் இல்லங்களில் தன்னார்வப் பணி என்ற பெயரில் நேரக்கூடிய தீங்குகளிலிருந்து குழந்தைகளைக் காக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. முன்பின் அறியாதவரைப் பின்னணி விசாரிக்காமல் குழந்தைகளோடு தனியே விடும் இல்லம் எவ்வளவு அன்பாக வரவேற்றாலும் நல்ல இல்லம் இல்லை. குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், அவர்கள் தங்கள் வீட்டிலிருந்து வந்து போகும் மாலை வகுப்புகளைத் தேர்ந்தெடுக்கும்படி நான் எப்போதும் சொல்வேன்.

நான்காம் படி: முதல் கடிதமும் முதல் சந்திப்பும்

“எந்த உதவி என்றாலும் செய்கிறேன்” என்று எழுதும் கடிதம் பணிவாகத் தோன்றினாலும், படிப்பவருக்கு அதனால் ஒரு வேலை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. உங்களை எங்கே பொருத்துவது என்று அவர்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பின்வருமாறு எழுதிப் பாருங்கள்:

“வணக்கம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கிறேன். இந்தப் பருவம் முடியும்வரை 12 வாரங்களுக்குச் சனிக்கிழமைதோறும் மாலை 4 மணி முதல் 6 மணி வரை வர முடியும். நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கணக்கு சொல்லித் தரலாம். அல்லது பதிவேட்டு வேலை இருந்தாலும் செய்கிறேன். தேர்வு நடைபெறும் இரண்டு வாரங்களில் வர இயலாது. நேரில் வந்து பேச எந்த நாள் உங்களுக்கு வசதி என்று தெரிவித்தால் வருகிறேன்.”

வர முடியாத நாட்களை முதல் கடிதத்திலேயே சொல்வது பலருக்குத் தயக்கமாக இருக்கும். அந்த ஒரு வரிதான் மற்ற வரிகளை நம்ப வைக்கிறது. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் தொலைபேசியில் அழையுங்கள். சிறிய நிறுவனங்களில் மின்னஞ்சல் பார்ப்பவரே உணவு வண்டியையும் ஓட்டுபவராக இருப்பார். பதில் தாமதிப்பதற்கு அலட்சியம் காரணமாக இருக்காது.

நேரில் போகும்போது, உங்கள் வேலை எது, யாரிடம் வருகை சொல்ல வேண்டும், வர முடியாதபோது யாரை எந்த எண்ணில் அழைக்க வேண்டும், விபத்து நேர்ந்தால் என்ன ஏற்பாடு என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். அரை மணி நேரப் பயிற்சிகூட இல்லாமல் நேராக வேலையில் இறக்கிவிட்டால், முதல் இரண்டு வாரங்கள் அனுபவமுள்ள ஒருவரோடு இருக்க அனுமதி கேட்பதில் தவறில்லை.

டிசம்பர் 5-ஆம் நாளை ஐக்கிய நாடுகள் அவை 1985-இல் பன்னாட்டுத் தன்னார்வலர் நாளாக அறிவித்தது. அந்த நாளையொட்டிப் பல நிறுவனங்களில் கூட்டம் அலைமோதும். நீங்கள் பிப்ரவரியில் போங்கள்.

ஐந்தாம் படி: வேலையில் இறங்குவது

இனி வருபவை வேலைக்கு வேலை மாறுபடும். மாணவர்கள் அதிகம் ஈடுபடும் ஐந்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

துணி பிரிக்கும் வேலை எளிதானது என்று நினைத்து வருபவர்கள் முதல் பெட்டியைத் திறந்ததும் திகைப்பார்கள். ஒற்றைக் காலணி, பொத்தான் இல்லாத சட்டை, துவைக்காத போர்வை, புது உடை, காலாவதியான மாத்திரை அட்டை எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எல்லாப் பைகளிலும் கைவிட்டுத் துழாவுங்கள். நான் பிரித்த ஒரு கால்சட்டைப் பையில் வீட்டுச் சாவிக்கொத்து இருந்தது. கொடுத்தவரைக் கண்டுபிடிக்க மூன்று நாட்கள் ஆயின. உடனே அணியத் தக்கது, தைத்தால் அணியத் தக்கது, துடைக்கும் துணிக்கு மட்டும் ஆவது என்று மூன்று குவியல்கள் போதும். சந்தேகம் வந்தால், இதை நீங்கள் உங்கள் உடன்பிறந்தவருக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள். ஈரம் உள்ள ஒரே ஒரு துணியை மூடிய பெட்டியில் வைத்துவிட்டால் சில நாட்களில் பெட்டி முழுவதும் பூஞ்சை நாற்றம் அடிக்கும்; ஆகவே ஈரத்தைக் கண்ணால் பார்க்காமல் கையால் தொட்டு அறியுங்கள். பெட்டியின் மேல்மூடியில் எழுதினால் அடுக்கியபின் தெரியாது. பக்கவாட்டில் அளவு, எண்ணிக்கை, தேதி ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

உணவு வழங்கும் வேலையில் அன்பைவிடக் கடிகாரம் முக்கியம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, சூடாகப் பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியசுக்கு மேலும், குளிர்வித்து வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும், மீண்டும் சூடாக்கினால் உள்வரை 70 டிகிரியை எட்ட வேண்டும் என்பவை உலக சுகாதார நிறுவனம் வகுத்துத் தந்த விதிகள். கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான். விருந்தில் மிஞ்சியதைக் கொண்டுவந்து தருகிறோம் என்று யாராவது அழைத்தால், உணவு எத்தனை மணிக்குச் சமைக்கப்பட்டது என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். விடை தெரியாவிட்டால் நன்றியோடு மறுத்துவிடுங்கள். பசியில் இருப்பவருக்கு வயிற்றுப்போக்கும் வந்தால் மருத்துவச் செலவையும் இழந்த கூலியையும் அவரால் தாங்க முடியாது. பாத்திரத்தின் மேல் சமைத்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, கையில் ஆறாத புண் ஆகியவை இருக்கும் நாளில் உணவுப் பக்கமே போகாமல் பதிவேட்டில் உட்காருங்கள்.

பாடம் சொல்லிக் கொடுக்கும்போது மாணவத் தன்னார்வலர்கள் செய்யும் பொதுவான தவறு, குழந்தையின் வீட்டுப்பாடத்தைத் தாங்களே முடித்துக் கொடுத்துவிடுவது. அதைவிட, குழந்தை எங்கே வழுக்குகிறது என்று கண்டுபிடிப்பதற்கு முதல் இரண்டு வாரங்களைச் செலவிடுங்கள். 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். “கவனமாகப் போடு” என்று அவளிடம் சொல்வதால் பயனில்லை, ஏனென்றால் அவள் கவனமாகத்தான் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறாள்: 7-இலிருந்து 2 போனால் 5, 4-இலிருந்து 1 போனால் 3. கழிக்கத் தெரியும்; கடன் வாங்குவதுதான் தெரியாது. பத்துப் பத்தாகக் கட்டிய நான்கு குச்சிக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் மேசையில் வைத்து, 17 குச்சிகளை எடுத்துத் தரச் சொல்லுங்கள். தனிக் குச்சிகள் போதவில்லை என்று கண்டதும் அவளாகவே ஒரு கட்டின் ரப்பரை அவிழ்ப்பாள். அந்தக் கணத்தில் நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதுதான் கடினம். மிச்சத்தை அவளையே எண்ண விடுங்கள். 25 என்று வந்த பிறகு தாளில் எழுதிய 35-ஐப் பக்கத்தில் வையுங்கள். ஒரு மாலை முழுவதும் இந்த ஒரே கணக்கில் போனாலும் அது வீணான மாலை இல்லை.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்காகத் தேர்வு எழுதிக் கொடுக்கும் பணி இதற்கு நேர் எதிரானது. அங்கே சொல்லிக் கொடுக்கவே கூடாது. வினாவை அச்சில் உள்ளபடி படிப்பது, கேட்டால் மீண்டும் படிப்பது, சொன்னதைச் சொன்னபடி எழுதுவது, எழுதியதைப் படித்துக் காட்டுவது ஆகியவற்றோடு உங்கள் வேலை முடிகிறது. விடை தவறு என்று தெரிந்தாலும் குரலில் அதைக் காட்டக்கூடாது. தேர்வுக்கு முன்பே அவரோடு ஒருமுறை உட்கார்ந்து எந்த வேகத்தில் படிக்க வேண்டும் என்று பழகிக்கொண்டால் அறைக்குள் பதற்றம் இருக்காது.

முதியோரோடு பேசச் செல்பவர்கள் உட்கார்ந்து பேசுங்கள். படுக்கையருகே நின்றுகொண்டு குனிந்து பேசுவது அவசரத்தைக் காட்டும். ஒவ்வொரு முறையும் உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள். “என்னை ஞாபகம் இருக்கிறதா பாட்டி” என்று கேட்டு மறதியைச் சோதிக்காதீர்கள். ஒரே கதையை நான்காவது முறை சொன்னால், அந்தக் கதையில் இதுவரை கேட்காத ஒரு கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலும் புதிதாக ஒன்று வெளிவரும். அடுத்து எப்போது வருவீர்கள் என்பதை நாட்காட்டியைப் பார்க்காமல் சொல்லாதீர்கள். முதலாம் ஆண்டில் படித்தபோது ஒரு பாட்டியிடம் “அடுத்த ஞாயிறு வருகிறேன்” என்று சொல்லிவிட்டு, நண்பர்களோடு வெளியே போய்விட்டேன். அவர் மதியம் படுக்காமல் இரண்டு மணியிலிருந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார் என்று அங்கு வேலை செய்த அம்மா மறுவாரம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து தேதியைக் குறிக்காமல் யாரிடமும் நாள் சொன்னதில்லை.

ஆறாம் படி: கண்ணியமும் எல்லைகளும்

படம் எடுப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உணவுப் பொட்டலத்தை ஒரு கையால் கொடுத்துக்கொண்டு மறு கையால் கைப்பேசியை உயர்த்தும் பழக்கம் பரவலாகிவிட்டது. செஞ்சிலுவை இயக்கமும் பல தொண்டு அமைப்புகளும் பேரிடர் நிவாரணத்துக்காக 1994-இல் வெளியிட்ட நடத்தை நெறிகளின் பத்தாவது விதி, பாதிக்கப்பட்டவர்களை விளம்பரங்களில் நம்பிக்கையற்ற பொருட்களாகக் காட்டாமல் கண்ணியமுள்ள மனிதர்களாகவே மதிக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் இதற்குப் பொருள்: நிறுவனத்தின் அனுமதியும் அந்த மனிதரின் ஒப்புதலும் இல்லாமல் படம் இல்லை, குழந்தைகளின் முகம் எந்த நிலையிலும் உங்கள் தனிப்பட்ட சமூக ஊடகப் பக்கத்தில் இல்லை. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்புதல் கேட்பது ஒப்புதலே இல்லை, ஏனென்றால் மறுத்தால் பொருள் கிடைக்காதோ என்ற அச்சத்தோடுதான் அவர் தலையசைப்பார். பெட்டிகளையும் சமைக்கும் அண்டாவையும் தன்னார்வலர்களின் கைகளையும் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவரின் நோய், கடன், குடும்பச் சண்டை ஆகியவை வேலையின்போது காதில் விழும். அவற்றை வாட்ஸ்அப் குழுவிலோ விடுதி அறையிலோ பேசக்கூடாது. பணம் தருவதாகவோ வேலை வாங்கித் தருவதாகவோ வாக்களிக்காதீர்கள். தேவையை நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் கொண்டு சேர்ப்பதோடு உங்கள் பங்கு முடிகிறது. சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுப்பது பற்றி நிறுவனத்தின் விதி என்ன என்று கேட்டு அதன்படி நடங்கள்.

குழந்தை ஒன்று தனக்கு யாரோ தீங்கு செய்வதாக உங்களிடம் சொன்னால், அமைதியாகக் கேளுங்கள். குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொன்னது நல்லது என்றும், உதவக்கூடிய பெரியவர் ஒருவரிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் நேர்மையாகச் சொல்லிவிட்டு, குழந்தை பயன்படுத்திய சொற்களை அப்படியே எழுதி, அன்றே குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். குற்றம் சாட்டப்படுபவர் அந்த நிறுவனத்திலேயே இருந்தால், உங்கள் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி, அவர்கள் வழியாக நாட்டின் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பை அணுகுங்கள். இதைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

நன்கொடைப் பணத்தை எண்ணும்போது எப்போதும் இருவராக எண்ணி இருவரும் கையெழுத்திடுங்கள். உங்கள் நேர்மையை யாரும் சந்தேகிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. ஆகவே இரண்டாவது ஆள் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

ஏழாம் படி: தொடர்ந்து நிற்பது

மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் ஒரு சலிப்பு வரும். புதுமை தீர்ந்திருக்கும், எதையும் மாற்றிவிட்டதாகத் தோன்றாது, நன்றி சொல்லவும் ஆள் இருக்காது. இது எல்லோருக்கும் வருவது. அந்த வாரமும் தவறாமல் வேலைக்குப் போய்விட்டால் பெரும்பாலும் பருவம் முழுவதும் தொடர்ந்து போவீர்கள். இரண்டு பேராகச் சேர்ந்து ஒரே வேலையை ஏற்பது இதற்கு நல்ல வழி. ஒருவருக்குத் தேர்வு என்றால் மற்றவர் போவார். நண்பர் கூட்டமாகப் பத்துப் பேர் சேர்வதை நான் ஊக்குவிப்பதில்லை, ஏனென்றால் ஒருவர் நின்றால் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள்.

வர முடியாவிட்டால் முதல் நாளே அழையுங்கள். வேலை தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது அனுப்பும் “மன்னிக்கவும்” என்ற குறுஞ்செய்தியால் ஒருங்கிணைப்பாளருக்கு எந்தப் பயனும் இல்லை. படிப்பு பாதிக்கிறது என்று தெரிந்தால் நேரத்தைப் பாதியாகக் குறைக்கக் கேளுங்கள். சத்தமில்லாமல் மறைவதைவிட அது எவ்வளவோ மேல். வேலை உங்கள் மனத்தைத் தொடர்ந்து வாட்டினால், குறிப்பாக நோயாளிகளோடும் துயரத்தில் இருப்பவர்களோடும் பழகும் இடங்களில், பின்னணி வேலைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எட்டாம் படி: பதிவும் ஒப்படைப்பும்

தேதி, நேரம், செய்த வேலை, அடுத்த முறைக்கு மீதமிருப்பது ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் வாரந்தோறும் இரண்டு வரி எழுதி வாருங்கள். சான்றிதழ் கேட்கும்போது இது கைகொடுக்கும். “சிறப்பாகப் பணியாற்றினார்” என்ற பொதுச் சான்றைவிட, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, எத்தனை மணி நேரம், என்ன பொறுப்பு என்று எழுதிய கடிதத்துக்கே மதிப்பு அதிகம்; குறிப்பைக் கையில் கொடுத்தால் பொறுப்பாளரும் அப்படியே எழுதித் தருவார். சான்றிதழுக்காகவே சேர்ந்தவர்களைப் பற்றிக் குறையாகப் பேசுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணம் எதுவானாலும் 12 வாரங்கள் நேரத்துக்கு வந்தவர் வந்தவர்தான்.

விலகும் நாளைக் குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே சொல்லுங்கள். குழந்தைகளிடமும் முதியோரிடமும் நேரில் சொல்லி விடைபெறுங்கள். திரும்பி வருவது உறுதியில்லை என்றால் வருவதாகச் சொல்லாதீர்கள். உங்கள் இடத்துக்கு வரப்போகும் மாணவரை ஒரு முறையாவது உடன் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துங்கள். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவருக்காக எழுதுங்கள். குழந்தையின் முழுப் பெயரும் வீட்டு விவரங்களும் வேண்டாம், வேலையைத் தொடரத் தேவையானது மட்டும் போதும். “கடன் வாங்கிக் கழித்தல் அவளுக்குப் புரிந்துவிட்டது. 402-இலிருந்து 137 போல, நடுவில் சுழியம் வந்தால் இன்னும் தடுமாறுகிறாள். குச்சிக் கட்டுகள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. இரண்டு ரப்பர்கள் அறுந்துவிட்டன, புதிதாக வாங்க வேண்டும்.”